படகுச் சார்ஜர் பற்றரியை ஏற்றவில்லையா? அறிகுறிப்படி பழுது தேடும் முறை

ஒன்ராறியோவின் சிம்கோ, ஸ்குகொக், ரைஸ் ஏரிகளுக்கு மீன்பிடிக்கப் போகும் 16 முதல் 20 அடி வரையான படகுகள் பலவற்றில், சார்ஜர் படகின் உள்ளேயே நிரந்தரமாகப் பொருத்தப்பட்டிருக்கும். இயந்திரத்தைக் கிளப்புவதற்கு ஒரு பற்றரியும், முன்பக்கத்து ட்ரோலிங் மோட்டருக்கு (மீன்பிடிக்கும்போது படகை மெதுவாக நகர்த்தும் சிறிய மின் மோட்டர்) ஒன்று முதல் மூன்று வரையான பற்றரிகளும் இருக்க, சார்ஜரிலிருந்து ஒவ்வொன்றுக்கும் ஒரு சிவப்பு, கறுப்பு வயர்ச் சோடி தனித்தனியாக ஓடும்; இப்படி ஒரு பற்றரிக்கு ஓடும் இணைப்பைக் கீழே 'வழி' என்று சொல்கிறேன். வீட்டுக்குத் திரும்பியதும் 120 வோல்ட் சொக்கற்றில் ஒரு பிளக்கைச் செருகினால் வேலை முடிந்தது என்பதே இதன் வசதி. அந்த வசதி ஒரு நாள் நின்றுபோனால், பெரும்பாலானோர் முதலில் செய்வது புதிய சார்ஜர் வாங்குவது. ஆனால் "சார்ஜர் செத்துவிட்டது" என்று முடிவு கட்டப்பட்ட படகுகளைத் திறந்து பார்த்தால், குற்றம் பெரும்பாலும் சார்ஜருக்கு முன்னால் உள்ள சொக்கற்றிலும் வயரிலுமோ, பின்னால் உள்ள பியூஸிலும் வயர் முனையிலும் பற்றரியிலுமோதான் இருக்கிறது. ஆகவே அளந்து பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள். கீழே ஒவ்வோர் அறிகுறிக்கும் செலவில்லாத காரணம் முதலிலும், செலவு கூடிய காரணம் கடைசியிலும் வருகின்றன.

தொடங்குவதற்கு முன்

ஒரு சாதாரண மல்ரிமீற்றர், கம்பித் தூரிகை, ஸ்பானர், அதே அளவுள்ள சில மாற்றுப் பியூஸ்கள், கண்ணாடி, கையுறை ஆகியவை போதும். தண்ணீர் ஊற்றும் வகைப் பற்றரியாக இருந்தால் அசிட்டின் அடர்த்தியைப் பார்க்கும் ஹைட்ரோமீற்றரும் வேண்டும். சார்ஜரோடு வந்த கையேட்டையும் தேடி எடுத்து வையுங்கள். விளக்குகளின் நிறத்துக்கும் சிமிட்டலுக்கும் ஒவ்வொரு தயாரிப்பாளரும் வெவ்வேறு பொருள் வைத்திருக்கிறார்கள்.

பற்றரிப் பெட்டியையும் பெற்றோல் தாங்கி இருக்கும் இடத்தையும் திறந்து காற்றோட விட்டு, பெற்றோல் மணம் இல்லை என்பதை மூக்கால் உறுதிசெய்த பின்னரே எதையும் செருகவோ கழற்றவோ வேண்டும். சார்ஜ் ஏறும் ஈயப் பற்றரி ஐதரசன் வாயுவை வெளிவிடும். காற்றில் அது 4 விழுக்காட்டை எட்டினாலே ஒரு பொறி போதும், வெடித்துவிடும். அதனால் பற்றரி முனைகளில் கைவைக்கும் முன் 120 வோல்ட் பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிவிட வேண்டும். பூட்டும்போது முதலில் பற்றரி முனைகள், பிறகு சுவர்ப் பிளக். கழற்றும்போது முதலில் சுவர்ப் பிளக், பிறகு பற்றரி முனைகள். மோதிரத்தையும் உலோகக் கைக்கடிகாரத்தையும் கழற்றி வைத்துவிடுங்கள்.

அறிகுறி 1: சார்ஜரில் ஒரு விளக்குமே எரியவில்லை

முதலில் சொக்கற்றைப் பாருங்கள். ஒரு மேசை விளக்கைச் செருகிப் பார்ப்பதே விரைவான சோதனை. வீட்டுக்கு வெளியிலும் கராஜிலும் உள்ள சொக்கற்றுகளில் கசிவைக் கண்டால் தானாகத் துண்டிக்கும் ஜிஎப்சிஐ பாதுகாப்பு இருக்கும். பல வீடுகளில் வெளிச் சொக்கற்றுக்கான ஜிஎப்சிஐ அந்தச் சொக்கற்றிலேயே இருப்பதில்லை; கராஜின் உள்ளே, நிலவறையில், பழைய வீடுகளில் குளியலறையில்கூட இருக்கலாம். ஆகவே வெளிச் சொக்கற்றில் ரீசெற் பொத்தான் இல்லையென்றால், வீட்டுக்குள் இருக்கும் எல்லா ஜிஎப்சிஐகளையும் ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டுப் பிறகு பிரேக்கர் பெட்டிக்குப் போங்கள்.

அடுத்தது எக்ஸ்ரென்ஷன் வயர். அதன் மறுமுனையிலும் அதே மேசை விளக்கைச் செருகிப் பாருங்கள். புல்வெளியிலும் டிரைவ்வேயிலும் கிடந்து, கார் ஏறி இறங்கிய வயர் வெளியே முழுதாகத் தெரிந்தாலும் உள்ளே அறுந்திருக்கலாம். மூன்றாவதாக, படகின் பக்கவாட்டில் மூடியோடு இருக்கும் பிளக்கைத் திறந்து பாருங்கள். ஊசிகளில் பச்சையோ கருமையோ படிந்திருந்தால் அங்கேதான் தொடர்பு விட்டிருக்கிறது.

இவை மூன்றும் சரியாக இருந்து, சார்ஜரின் பிளக்கைக் குறுகிய, தடித்த, நல்ல வயரில் நேரே செருகியும் விளக்கு எரியவில்லையென்றால், சார்ஜர் பழுதாகியிருக்க வாய்ப்பு அதிகம். படகுச் சார்ஜர்கள் பெரும்பாலும் நீர் புகாமல் பிசின் ஊற்றி அடைக்கப்பட்டவை என்பதால் அவற்றைத் திறந்து திருத்த முடியாது. வாங்கிய பற்றுச்சீட்டை எடுத்து உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டதா என்று பாருங்கள்.

அறிகுறி 2: செருகியவுடன் ஜிஎப்சிஐ விழுகிறது

இதைச் சிறிய தொல்லையாக நினைத்து, ஜிஎப்சிஐ இல்லாத வேறு சொக்கற்றுக்கு மாற்றிச் செருகுபவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஏறத்தாழ 5 மில்லி அம்பியர் அளவு மின்சாரம் போகக் கூடாத வழியில் போகிறது என்று உணர்ந்துதான் அது துண்டிக்கிறது. பிளக்கின் மூன்றாவது ஊசியை வெட்டிவிடுவது அதைவிட மோசம்.

ஈரமே எளிய காரணம். எக்ஸ்ரென்ஷன் வயரும் படகுப் பிளக்கும் சேரும் இடம் மழையிலோ பனியிலோ கிடந்திருந்தால், துடைத்து உலரவிட்டு மறுபடி முயலுங்கள். அதே சுற்றில் வேறு கருவிகள் இருந்தால் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுச் சார்ஜரை மட்டும் செருகுங்கள். பிறகு சார்ஜர் இல்லாமல் எக்ஸ்ரென்ஷன் வயரை மட்டும் செருகுங்கள். அப்போதும் விழுந்தால் குற்றவாளி வயர்தான். ஜிஎப்சிஐயே தேய்ந்துபோயிருக்கவும் கூடும் என்பதால், நல்ல நிலையில் உள்ள இன்னொரு ஜிஎப்சிஐ சொக்கற்றில் ஒருமுறை பாருங்கள். அங்கும் விழுந்தால், பிளக்கைக் கையில் எடுத்து, மூன்றாவது ஊசிக்கும் மற்ற இரண்டு ஊசிகள் ஒவ்வொன்றுக்கும் இடையே மல்ரிமீற்றரில் தடையை அளந்து பாருங்கள். எந்தத் தொடர்பும் காட்டக் கூடாது. தொடர்பு காட்டினால் சார்ஜரின் உள்ளே கசிவு இருக்கிறது, அதை மாற்ற வேண்டும். மீற்றர் எதுவும் காட்டாவிட்டால் மட்டும் கசிவு இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 120 வோல்ட் ஏறும்போது மட்டும் வெளிப்படும் கசிவுகளும் உண்டு.

படகு டிரைவ்வேயில் இல்லாமல் தண்ணீரில், துறைமேடையில் கட்டப்பட்டிருந்தால் இந்த அறிகுறியோடு நீங்களே விளையாடக் கூடாது. நன்னீரில் கசியும் மாற்று மின்னோட்டம், அதில் நீந்துபவரின் உடலைத் தண்ணீரைவிட எளிய வழியாகக் கொண்டு பாயும். தசைகள் செயலிழந்து, சத்தமே இல்லாமல் மூழ்கிப்போன மரணங்கள் இப்படி நேர்ந்திருக்கின்றன. ஒன்ராறியோவின் ஏரிகள் எல்லாமே நன்னீர் ஏரிகள். துறைமேடையில் ஜிஎப்சிஐயோ பிரேக்கரோ விழுந்தால், மின்சாரத்தை அப்படியே துண்டித்து வைத்து, பிள்ளைகளைத் தண்ணீரிலிருந்து வெளியே எடுத்துவிட்டு, உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரரையோ படகு மின்வேலைக்குச் சான்றிதழ் உள்ளவரையோ அழையுங்கள். மின்சாரம் உள்ள துறைமேடைக்கு அருகே எந்த நாளிலும் நீந்தாமல் இருப்பதே சரி. கொட்டேஜ் துறைமேடையில் புதிய சொக்கற்றுப் பொருத்துவது மாகாண மின் பாதுகாப்பு ஆணையத்துக்கு அறிவித்துச் செய்ய வேண்டிய வேலை என்பதையும் மறக்க வேண்டாம்.

அறிகுறி 3: சார்ஜர் இயங்குகிறது, ஒரு பற்றரிக்கு மட்டும் பிழை விளக்கு

அதிகமாகக் காணப்படும் பழுது இதுதான்; அதிகமான சார்ஜர்கள் தேவையின்றிக் குப்பைக்குப் போவதும் இதனால்தான்.

மல்ரிமீற்றரை எடுத்ததும் பலர் செய்வது, பற்றரியிலிருந்து சார்ஜர் வயரைக் கழற்றி அதன் நுனிகளில் வோல்ட் பார்ப்பது. 0 காட்டியதும் சார்ஜர் போய்விட்டது என்று முடிவுகட்டிவிடுவார்கள். இக்காலத்துச் சார்ஜர்கள் பல, மறுபக்கத்தில் ஒரு பற்றரி இருப்பதை உணராத வரை வெளியே எதையும் தருவதில்லை. வெறும் வயரில் 0 என்பது எதையும் நிரூபிக்காது. வயரைப் பற்றரியிலேயே விட்டுவிட்டு, சுவர்ப் பிளக் கழற்றியிருக்கும்போது பற்றரி முனையில் எவ்வளவு என்று பாருங்கள். பிறகு செருகி ஐந்து நிமிடம் கழித்துப் பாருங்கள். 12.3 இருந்தது 13 வோல்ட்டைத் தாண்டி மெல்ல ஏறிக்கொண்டு போனால் அந்த வழி வேலை செய்கிறது. அசையாமல் 12.3 இலேயே நின்றால் கீழே உள்ள ஒழுங்கில் தேடுங்கள்.

பற்றரி முனைக்கு அருகே சிவப்பு வயரில் ஒரு சிறிய பியூஸ் கூடு இருக்கும். அமெரிக்கப் படகு நியமமான ஏபிவைசி ஈ-11 இன் பொதுவிதிப்படி பியூஸ் பற்றரியிலிருந்து 7 அங்குலத்துக்குள், அதாவது ஏறத்தாழ 18 சென்ரிமீற்றருக்குள் இருக்க வேண்டும்; வயர் கூடுதல் உறைக்குள் ஓடினால் சற்றுத் தள்ளியும் இருக்கலாம். ஆகவே உடனே தென்படாவிட்டால் வயரைக் கையால் தடவிக்கொண்டே போங்கள். பியூஸை வெளியே எடுத்துத் தடையை அளந்து பாருங்கள், கண்ணால் பார்ப்பது போதாது. அத்துடன் கூட்டின் உட்பக்கத்தையும் ரோச் வெளிச்சத்தில் பாருங்கள். பித்தளைத் தகடுகளில் பச்சைப் பொடி பூத்து, பிளாஸ்ரிக்கின் ஒரு ஓரம் மட்டும் பழுப்பாகி இளகியிருந்தால், பியூஸ் நன்றாக இருந்தாலும் அந்தக் கூடு மின்சாரத்தைக் கடத்தாமல் சூடாகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். பியூஸை மட்டும் மாற்றினால் இரண்டு வாரத்தில் மறுபடி அதே பழுது வரும், கூட்டையே மாற்றுங்கள். மாற்றும்போது அதே அம்பியர் பியூஸ்தான் போட வேண்டும். அடிக்கடி எரிகிறது என்று பெரிய பியூஸ் போட்டால், அடுத்தது வயர்தான் எரியும்.

பியூஸுக்கு அடுத்தது வயர் முனையில் உள்ள வளையம். ட்ரோலிங் மோட்டர், மீன்காட்டி, நீர் இறைக்கும் பம்ப், சார்ஜர் எல்லாவற்றின் வளையங்களும் ஒரே முனையில் அடுக்கப்பட்டு, மேலே கையால் முறுக்கும் இறக்கை நட் இருக்கும். படகு அலையில் அதிர அதிர அந்த நட் தளரும். எல்லாவற்றையும் கழற்றி, கம்பித் தூரிகையால் பளிச்சென்று வரும்வரை தேய்த்து, தடித்த வயரின் வளையம் அடியிலும் மெல்லியது மேலேயும் வருமாறு அடுக்கி, ஸ்பானரால் இறுக்கும் பூட்டு நட்டாகப் போடுங்கள். ஒரு முனையில் நான்குக்கு மேல் அடுக்கக் கூடாது. வளையத்துக்கும் வயருக்கும் உள்ள பிடிப்பையும் சோதிக்க வேண்டும்: சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது மீற்றரின் ஒரு ஊசியைப் பற்றரியின் ஈய முனையிலும் மற்றதை அதே முனையில் உள்ள வளையத்திலும் வையுங்கள். 0 அல்லது அதை ஒட்டிய அளவு காட்ட வேண்டும். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த இணைப்பு மின்சாரத்தைத் தின்கிறது.

சிவப்பும் கறுப்பும் மாறிப் பூட்டப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். இலையுதிர் காலத்தில் கழற்றிய பற்றரியை வசந்தத்தில் மறுபடி வைக்கும்போது இது நடக்கும். படகுகளில் எதிர்முனை வயர் மஞ்சள் நிறத்திலும் வரும் என்பதால் நிறத்தை நம்பாமல் மீற்றரை நம்புங்கள். சிவப்பு ஊசியை நேர்முனையில் வைத்ததும் கழித்தல் குறி காட்டினால் மாறியிருக்கிறது.

இணைப்புகள் எல்லாம் சரியென்றால், பற்றரியில் எவ்வளவு வோல்ட் மிச்சம் இருக்கிறது என்று பாருங்கள். அடியோடு இறங்கிப்போன பற்றரியைச் சில சார்ஜர்கள் பற்றரி என்றே ஏற்றுக்கொள்வதில்லை. அந்த எல்லை சார்ஜருக்குச் சார்ஜர் மாறும். ஈயப் பற்றரியென்றால், தானியங்கிக் கட்டுப்பாடு இல்லாத பழைய வகைச் சாதாரணச் சார்ஜரால் பக்கத்தில் நின்று அரை மணி நேரம் ஏற்றி 11 வோல்ட்டுக்கு மேல் கொண்டுவந்தால், படகுச் சார்ஜர் மிச்சத்தை எடுத்துக்கொள்ளும். பற்றரி உப்பியிருந்தாலும், கூட்டில் வெடிப்பு இருந்தாலும், உறைந்திருந்தாலும் இதைச் செய்யவே கூடாது. லித்தியம் பற்றரி 0 காட்டுவது வேறு கதை: உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுற்று தன்னைத் தானே துண்டித்துவிட்டது. அதை எழுப்பும் வசதியுள்ள லித்தியம் சார்ஜர்தான் வேண்டும்.

இவ்வளவும் பார்த்த பின்னரும் தெளிவு வரவில்லையென்றால், தீர்ப்புச் சொல்லும் சோதனை ஒன்று இருக்கிறது. சுவர்ப் பிளக்கைக் கழற்றிவிட்டு, பிழை காட்டும் வழியின் இரு வயர்களையும் நன்றாக இயங்கும் பற்றரிக்கும், நல்ல வழியின் இரு வயர்களையும் பிழைப் பற்றரிக்கும் மாற்றிப் பூட்டுங்கள். ஒவ்வொரு சோடியின் சிவப்பும் கறுப்பும் ஒரே பற்றரியில் இருக்க வேண்டும். இரண்டு பற்றரிகளும் ஒரே வகையாகவும் இருக்க வேண்டும். மறுபடி செருகும்போது பிழை அதே பற்றரியைத் தொடர்ந்து போனால் பழுது பற்றரியில். பிழை அதே வயரிலேயே நின்றால் பழுது சார்ஜரின் அந்த வழியில். இணைப்பையும் பியூஸ் கூட்டையும் ஏற்கெனவே சரிபார்த்துவிட்டதால் இனிச் சார்ஜரை மாற்றுவதே வழி.

அறிகுறி 4: இரவு முழுவதும் செருகியிருந்தும் பச்சை விளக்கு வரவில்லை

முதலில் கணக்கு. பெட்டியில் "10 அம்பியர்" என்று பெரிதாகப் போட்டிருக்கும் இரண்டு வழிச் சார்ஜர், பெரும்பாலும் ஒரு வழிக்கு 5 அம்பியர் தருவதுதான். 100 அம்பியர்-மணிப் பற்றரியில் 80 செலவழித்துவிட்டு வந்தால், 5 அம்பியரில் அந்த 80ஐத் திருப்பிப் போட மட்டும் 16 மணி நேரம் வேண்டும். கடைசிப் பகுதி மெதுவாகவே ஏறும் என்பதால் 20 மணி நேரத்தைத் தாண்டும். சனிக்கிழமை மாலை செருகி ஞாயிறு விடியப் போக நினைப்பவருக்கு இந்தச் சார்ஜர் போதாது, அது பழுது அல்ல.

இரண்டாவது, சார்ஜ் ஏறும்போதே எதுவோ குடித்துக்கொண்டிருக்கலாம். மீன்காட்டி, வானொலி, மீன் தொட்டியின் பம்ப் எதையாவது அணைக்க மறந்திருக்கலாம். எல்லாவற்றையும் அணைத்து, சுவர்ப் பிளக்கைக் கழற்றி, எதிர்முனை வயர்களை எடுத்து, மல்ரிமீற்றரை 10 அம்பியர் அளவில் வைத்து, எதிர்முனைக்கும் அந்த வயர்களுக்கும் இடையில் பூட்டிப் பாருங்கள். சில பத்து மில்லி அம்பியர் இயல்பு. அரை அம்பியருக்கு மேல் போனால் ஒவ்வொரு பியூஸாகக் கழற்றி எது என்று கண்டுபிடியுங்கள். மீற்றர் பூட்டியிருக்கும்போது இயந்திரத்தைக் கிளப்பாதீர்கள்.

மூன்றாவது, மெல்லிய எக்ஸ்ரென்ஷன் வயர். 50 அடிக்கு 14 கேஜ் (வயரின் தடிப்பைச் சொல்லும் எண்), 100 அடிக்கு 12 கேஜ் வைத்துக்கொண்டால் பிரச்சினை வராது. வயர் எண் கூடக் கூட வயர் மெல்லிதாகும் என்பதைக் கடையில் கவனியுங்கள்.

இவை எதுவும் இல்லையென்றால் பற்றரியின் ஓர் அறை செத்திருக்கலாம். 12 வோல்ட் ஈயப் பற்றரிக்குள் இரண்டு இரண்டு வோல்ட்டாக ஆறு அறைகள். ஒன்று உள்ளுக்குள் ஒட்டிக்கொண்டால், ஒரு நாள் முழுவதும் ஏற்றி, ஒரு இரவு ஆறவிட்ட பின்னும் 10.5 வோல்ட் அளவிலேயே நிற்கும். தண்ணீர் ஊற்றும் வகையில் ஹைட்ரோமீற்றரால் இதை நேரே பார்க்கலாம்: நிறைந்த அறை 1.265 முதல் 1.280 வரை காட்டும். ஓர் அறை மற்றவற்றைவிட 0.050க்கு மேல் குறைந்து நின்றால் அந்தப் பற்றரிக்கு எந்தச் சார்ஜரும் உதவாது.

அறிகுறி 5: பச்சை விளக்கு வருகிறது, ஏரியில் பற்றரி சீக்கிரம் விழுந்துவிடுகிறது

பச்சை விளக்கு சொல்வது ஒன்றே ஒன்றுதான்: இந்தப் பற்றரி இனி ஏற்றுக்கொள்ள மறுக்கிறது. அது நூறு கொள்ளும் பாத்திரமா, முப்பது கொள்ளும் பாத்திரமா என்பதைச் சார்ஜர் அறியாது. தகடுகளில் ஈய சல்பேற்றுப் படிவு ஏறி முக்கால்வாசி கொள்ளளவை இழந்த பற்றரிக்குத்தான் பச்சை விளக்கு மிக விரைவில் வரும். எட்டு மணி நேரம் எடுத்த பற்றரி இப்போது ஒன்றரை மணி நேரத்தில் பச்சையாகிறது என்றால் அது நல்ல செய்தி அல்ல.

சார்ஜரைக் கழற்றிய உடனே வோல்ட் பார்க்காதீர்கள். மேலோட்டமான ஏற்றம் 13க்கு மேல் காட்டி ஏமாற்றும். ஒரு இரவு ஆறவிட்டுப் பாருங்கள். தண்ணீர் ஊற்றும் வகை 12.6 முதல் 12.7 வரையும், ஏஜிஎம் (அசிட்டைக் கண்ணாடியிழைப் பாய் உறிஞ்சி வைத்திருக்கும் மூடிய ஈயப் பற்றரி) 12.8க்கு மேலும் நிற்க வேண்டும். 12.1, 12.2 என்றால் அரைப் பற்றரிதான் இருக்கிறது. லித்தியத்துக்கு இந்த அளவுகள் பொருந்தா. அது நிறைந்த நிலையில் 13.3 அளவில் நின்று, பெரும்பகுதி தீரும் வரை அதிகம் இறங்காது என்பதால் வோல்ட்டை வைத்து அதன் நிலையைக் கணிக்க முடியாது.

இயந்திரத்தைக் கிளப்பும் பற்றரியை வாகன உதிரிப்பாகக் கடைகளில் சுமை வைத்துச் சோதித்துத் தருவார்கள்: குளிர்க் கிளப்பு அம்பியரில் (பற்றரியில் CCA என்று போட்டிருக்கும் எண்) பாதியை 15 விநாடி இழுக்கும்போது, அறை வெப்பநிலையில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது. ட்ரோலிங் மோட்டர்ப் பற்றரிக்கு அந்தச் சோதனை அதிகம் சொல்லாது, ஏனெனில் அதன் வேலை ஒரே மூச்சில் இழுப்பதல்ல, மணிக்கணக்கில் கொடுப்பது. அதை வீட்டிலேயே அளக்கலாம். காரின் முன்விளக்குக்கு வரும் 55 வாட் 12 வோல்ட் பல்பு ஏறத்தாழ 4.5 அம்பியர் இழுக்கும். 100 அம்பியர்-மணிப் பற்றரியின் கொள்ளளவு 20 மணி நேரத்துக்கு 5 அம்பியர் என்ற கணக்கில்தான் பெரும்பாலும் சொல்லப்படுகிறது என்பதால் இது நெருங்கிய பொருத்தம். முழுதாக ஏற்றி ஆறவிட்ட பற்றரியில் அந்தப் பல்பை, சூடு தாங்கும் ஓர் இடத்தில் வைத்து எரியவிட்டு, 10.5 வோல்ட்டுக்கு இறங்க எத்தனை மணி நேரம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மணிகளை 4.5ஆல் பெருக்கினால் உண்மையான கொள்ளளவு. 10 மணியில் இறங்கினால் உங்களிடம் இருப்பது 45 அம்பியர்-மணிப் பற்றரி. சோதனை முடிந்ததும் தாமதமின்றி மறுபடி ஏற்றுங்கள். இறங்கிய நிலையில் கிடப்பதே ஈயப் பற்றரியைக் கொல்கிறது.

24, 36 வோல்ட் மோட்டர்களில் இன்னொன்றும் உண்டு. தொடராக, அதாவது ஒன்றின் நேர்முனை அடுத்ததன் எதிர்முனையோடு சேருமாறு பூட்டிய பற்றரிகளில் ஒன்று பலவீனமாக இருந்தால், மற்றவை எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்த ஒன்று விழும்போது மோட்டரும் நின்றுவிடும். மூன்று வயதான ஒன்றோடு புதிய ஒன்றைச் சேர்த்தால் புதியதும் விரைவில் கெடும். ஒரே வகை, ஒரே அளவு, ஒரே வயதாகச் சேர்த்து மாற்றுவது செலவுதான், ஆனால் வேறு வழியில்லை.

அறிகுறி 6: பற்றரி சுடுகிறது, கூழ்முட்டை நாற்றம் வருகிறது

பற்றரியைத் தொடாமல் சுவரில் உள்ள பிளக்கைக் கழற்றுங்கள். பெட்டியைத் திறந்து, ஆறும் வரை விலகி நில்லுங்கள். அந்த நாற்றம் ஐதரசன் சல்பைட். மூடிய கராஜில் நெடுநேரம் நிற்கக் கூடாது.

ஆறிய பின் முதலில் சார்ஜரில் எந்த வகை தெரிவுசெய்யப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். ஏற்றத்தின் உச்சம் தண்ணீர் ஊற்றும் வகைக்கும் ஏஜிஎம்முக்கும் பொதுவாக 14.4 முதல் 14.8 வோல்ட் வரை, அசிட் கூழாக இருக்கும் ஜெல் வகைக்கு அதைவிடக் குறைவாக ஏறத்தாழ 14.1, நிறைந்த பின் 13.2 முதல் 13.8 வரைக்கு இறங்கிவிட வேண்டும். அறைகளைச் சமநிலைக்குக் கொண்டுவர வேண்டுமென்றே கூடுதலாக ஏற்றி 15க்கு மேல் போகும் சமப்படுத்தும் முறை தண்ணீர் ஊற்றும் வகைக்கு மட்டுமே உரியது. அடுத்து தண்ணீர் மட்டம்: தகடுகள் வெளியே தெரிந்தால் அவை மூழ்கும் அளவு மட்டும் காய்ச்சி வடித்த நீரை ஊற்றி, ஏற்றி முடித்த பின் மிச்சத்தை நிரப்புங்கள். வகையும் தண்ணீரும் சரியாக இருந்தும் ஒரு பற்றரி மட்டும் சுட்டால் அதன் ஓர் அறை போய்விட்டது. எல்லாப் பற்றரிகளும் சுட்டு, மீற்றரும் எல்லை மீறிக் காட்டினால் சார்ஜரின் கட்டுப்பாடு போய்விட்டது. அதை மறுபடி செருகாதீர்கள். உப்பிப்போன பற்றரியை நீங்களே தூக்காமல் தெரிந்தவரை அழையுங்கள், லித்தியமாக இருந்தால் கட்டாயமாக.

அறிகுறி 7: பனிக்காலம் முடிந்து செருகினால் எதுவும் ஏறவில்லை

நிறைந்த ஈயப் பற்றரி இங்குள்ள குளிரில் உறைவதில்லை. இறங்கிய பற்றரியோ பூச்சியத்துக்குக் கீழே பத்துப் பாகை அளவிலேயே உறையத் தொடங்கும். உறைந்த பற்றரியில் சார்ஜ் ஏற்றினால் வெடிக்கும். உள்ளே கொண்டுவந்து முழுதாக இளகவிட்டு, கூட்டில் வெடிப்பும் உப்பலும் இல்லை என்று கண்ட பின்னரே முயலுங்கள். வெடிப்பு இருந்தால் நகரசபையின் அபாயக் கழிவு நிலையத்துக்குக் கொண்டுபோங்கள். லித்தியம் பற்றரி 0 பாகைக்குக் கீழே ஏற்றத்தை மறுப்பது பழுதல்ல, அது தன்னைக் காத்துக்கொள்கிறது.

இலையுதிர் காலத்தில் முழுதாக ஏற்றி, எதிர்முனை வயர்களைக் கழற்றி வைத்துவிட்டு, ஓரிரு மாதத்துக்கு ஒருமுறை ஏற்றினால் இந்த அறிகுறியைப் பார்க்க நேராது.

சார்ஜரைத்தான் மாற்ற வேண்டும் என்று உறுதியானால்

வழிகளின் எண்ணிக்கை பற்றரிகளின் எண்ணிக்கையோடு ஒத்துப்போக வேண்டும். ஒவ்வொரு வழியும் மற்றதிலிருந்து மின்சார ரீதியாகத் தனித்திருக்கிறதா என்று பாருங்கள். அப்படியிருந்தால்தான் தொடராகப் பூட்டிய பற்றரிகளைக் கழற்றாமல் ஏற்றலாம். ஒரு வழிக்குத் தரும் அம்பியர், பற்றரியின் அம்பியர்-மணியில் 10 முதல் 20 விழுக்காடாக இருக்கட்டும். 100க்கு 10 முதல் 20. அடுத்தடுத்த நாட்களில் ஏரிக்குப் போகிறவருக்கு ஒரு வழிக்கு 10 அம்பியருக்குக் குறைவானதை நான் பரிந்துரைப்பதில்லை. இயந்திரப் பற்றரி ஈயமாகவும் மோட்டர்ப் பற்றரி லித்தியமாகவும் இருந்தால், வழிக்கு வழி வகையைத் தனியாகத் தெரிவுசெய்யும் சார்ஜர் கட்டாயம். விலையைப் பார்த்து எல்லாவற்றுக்கும் ஒரே வகை தருவதை வாங்கினால், ஒரு பருவத்துக்குள் அதைவிட விலை கூடிய பற்றரியை இழப்பீர்கள்.

பெற்றோல் இயந்திரமோ தாங்கியோ இருக்கும் அறையில் பொருத்துவதாக இருந்தால், சார்ஜரின் பெயர்த்தட்டில் பொறி தடுப்புப் பாதுகாப்பு (ignition protected) இருப்பதாகக் குறிப்பு இருக்க வேண்டும். கார்ச் சார்ஜர்களில் இது இராது. அதனால் மலிவாகக் கிடைக்கும் கார்ச் சார்ஜரைப் படகுக்குள் நிரந்தரமாகப் பூட்டக் கூடாது. பற்றரிக்கு நேர் மேலே பொருத்தாதீர்கள், எழும் வாயு அதை அரித்துவிடும். சுற்றிலும் காற்றோட இடம் விட்டு, கையேடு சொல்லும் திசையில், உறுதியான பலகையில் திருகுங்கள். வயர் நீளம் போதவில்லையென்றால் கையேடு அனுமதிக்கும் தடிப்பில் மட்டுமே நீட்டி, வெள்ளீயம் பூசிய படகு வயரையும் சூட்டில் சுருங்கும் பிசின் குழாயையும் பயன்படுத்துங்கள். நீட்டிய பின்னும் பியூஸ் பற்றரிப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். மரீனாவில் எப்போதும் கரை மின்சாரத்தில் நிற்கும் பெரிய படகென்றால் நில இணைப்பு, உலோக அரிப்பு ஆகிய இரண்டும் சேர்ந்து வருவதால், பொருத்தும் வேலையைப் படகு மின்வேலையாளரிடமே விடுங்கள்.

பொருத்திய அன்றே ஒவ்வொரு பற்றரியிலும் செருகுவதற்கு முன், செருகி ஐந்து நிமிடத்தில், பச்சை விளக்கு வந்த பின் என மூன்று வோல்ட் அளவுகளை எடுத்து, பச்சை வர எடுத்த நேரத்தோடு சேர்த்து, பற்றரிப் பெட்டி மூடியின் உட்பக்கத்தில் அழியாத மையால் எழுதி வையுங்கள். அடுத்த முறை சந்தேகம் வரும்போது, முதலில் ஒப்பிட வேண்டியது அந்த எண்களோடுதான்.